டயரின் வயதும் நமது வயதும்

ஐம்பதைத் தாண்டிய ஒரு ஹாட்வெயார் கடைக்காரனுக்கு இரண்டு ஆசனம் மட்டுமே கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? 2017ஆம் ஆண்டு நான் அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் மாவனல்லைக் கடைவீதியில் மிகக் குறைவு. சிலர் வாயால் கேட்டார்கள். சிலர் பார்வையால் கேட்டார்கள். சீமெந்து வாங்க வந்த ஒரு பெரியவர், "ஹாஜியார், இதுல எத்தனை மூடை ஏத்தலாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு மூடை கூட ஏற்ற முடியாது என்பதுதான் உண்மை.

இந்தப் பக்கத்தில் வழமையாகக் கொள்முதல், கடன், வங்கி, வரி என்று எழுதி வருபவன் நான். இம்முறை என் சொந்த ஆசையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஆசை எனக்குக் கற்றுத் தந்த பாடம் ஒன்று, கடையும் வாகனமும் வைத்திருக்கும் வியாபாரச் சகோதரர்கள் எல்லோருக்கும் உரியது. அந்தப் பாடம் காரைப் பற்றியது என்பதைவிட டயரைப் பற்றியது எனலாம்.

பாடசாலைப் படிப்பு முடிந்தவுடன் நான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஜப்பானிலிருந்து வரும் கெட்டலொக் புத்தகங்களை ஓய்வு நேரத்தில் புரட்டுவது என் வழக்கம். 1989ஆம் ஆண்டு மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்.5 என்ற சிறிய காரை வெளியிட்டது. ஜப்பானில் அதன் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். இரண்டு ஆசனம், துணிக்கூரை, 1600 சீசீ என்ஜின், பின்சில்லு இழுவை. எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. பெரிய பணக்காரருக்கான காரல்ல. சாதாரண மனிதன் சந்தோஷமாக ஓட்டுவதற்காகவே செய்யப்பட்ட கார். 2016ஆம் ஆண்டில் இந்த வகைக் கார் பத்து இலட்சமாவது எண்ணிக்கையைத் தொட்டது. உலகில் வேறு எந்த இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் காரும் இவ்வளவு விற்றதில்லை.

இருபது வயதுப் பையனின் மனதில் அந்தப் படம் பதிந்துவிட்டது. பிறகு வாப்பாவின் மரணம், தங்கைமாரின் திருமணம், சொந்தக் கடை, பிள்ளைகளின் படிப்பு என்று முப்பது வருடங்கள் ஓடின. கடைசி மகளின் திருமணமும் முடிந்து, கடன் எதுவும் இல்லை என்ற நிலை வந்தபோது, கொழும்பில் ஒருவர் தனது 1992ஆம் ஆண்டுக் காரை விற்பதாகக் கேள்விப்பட்டேன். லீசிங் இல்லை, வட்டி இல்லை. கையில் இருந்த காசைக் கொடுத்து வாங்கினேன். கடை முதலில் ஒரு சதம் கூட எடுக்கவில்லை. இதனை இங்கே குறிப்பிடக் காரணம், ஆசைக்காக வாங்கும் பொருளை வியாபார முதலில் வாங்கினால் அந்தப் பொருளும் இனிக்காது, வியாபாரமும் நிலைக்காது என்பது நான் நேரில் கண்ட அனுபவம்.

காரை வாங்கும்போது என்ஜினைப் பார்த்தேன். துருவைப் பார்த்தேன். கூரைத் துணியை விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். டயரையும் பார்த்தேன். நான்கிலும் வெட்டுகள் ஆழமாக இருந்தன. "டயருக்கு இன்னும் நாலைந்து வருஷம் செலவில்லை" என்று மனதுக்குள் இலாபக் கணக்குப் போட்டேன். அங்கேதான் நான் தவறினேன்.

பின்னர் வந்த வருடங்களை நாம் எல்லோரும் அறிவோம். 2020இல் ஊரடங்கு. அந்த வருடம் மார்ச்சிலேயே வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசை. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர். மக்கள் இரவு பகலாக வரிசையில் நிற்கும்போது இரண்டு ஆசனக் காரில் உலாப் போவது மனதுக்கு ஒப்பவில்லை. கார் கராஜிலேயே கிடந்தது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பேன். ஓடவில்லை, ஆகவே தேயவில்லை. தேயாத டயர் பழுதாகாத டயர் என்று நம்பினேன்.

2023 ஒக்டோபர் மாதம் ஒரு நாள் நானும் மனைவியும் கண்டியில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த மாதத்துக்கே உரிய பின்னேர இடிமழை. கடுகண்ணாவை இறக்கத்தில் மெதுவாகத்தான் வந்தேன், 40 கிலோமீற்றர் இருக்கும். ஒரு வளைவில் எதிரே பஸ் ஒன்று ஏறி வந்தது. பிரேக்கைத் தொட்டேன், அழுத்தக்கூட இல்லை. காரின் பின்பகுதி என்னைக் கேட்காமலே வெளியே போனது. கார் பாதையின் குறுக்காகத் திரும்பிவிட்டது. பஸ் சாரதி கெட்டிக்காரன், ஓரமாக எடுத்து நிறுத்தினார். நமது காருக்கும் பஸ்ஸின் முன் பம்பருக்கும் இடையே ஒரு ஆள் நிற்கும் இடைவெளிதான் இருந்தது. மனைவி ஒன்றும் பேசவில்லை. அவரது கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகுதான், "இஞ்ச பாருங்க, இது உங்கட ஆசைதான். ஆனா நான் பக்கத்துல ஈக்கிற" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மகன், "வாப்பா, இத வித்துப் போட்டுருங்க. இந்த வயசுல என்னத்துக்கு?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பொருளில் என்ன குறை என்று தெரியாமல் பொருளை விற்பது வியாபாரியின் வேலையல்ல. காரைக் கண்டியில் ஒரு டயர் கடைக்குக் கொண்டுபோனேன்.

அந்தக் கடைத் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். டயரின் வெட்டுகளை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து, டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைத் துணியால் துடைத்துக் காட்டினார். 2113. "நானா, இது 2013ஆம் வருஷம் 21ஆவது கிழமை செஞ்ச டயர். பத்து வருஷம். நகத்தால அழுத்திப் பாருங்க, கல்லாப் பெய்த்து" என்றார். அழுத்தினேன். நகம் வழுக்கியது. பக்கத்தில் இருந்த புதிய டயரை அழுத்தினேன், அது நகத்துக்கு இணங்கியது.

நான் வெட்கப்பட்டேன். முப்பது வருடமாக சீமெந்து விற்பவன் நான். லொறி வந்தால் முதலில் மூடையின் திகதியைத்தான் பார்ப்பேன். மூன்று மாதம் கடந்த சீமெந்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்க மாட்டேன். மூடை கிழியவில்லை, நிறம் மாறவில்லை என்பதற்காக உள்ளே இருப்பது நல்லதென்று சொல்ல முடியாது. குழாய் இறப்பர் வொஷர் நெடுநாள் கிடந்தால் காய்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்தவன், என் உயிரையும் மனைவியின் உயிரையும் தாங்கும் நான்கு இறப்பர் வளையங்களின் திகதியை ஆறு வருடமாகப் பார்க்கவில்லை.

டயரில் இருப்பது வெறும் இறப்பரல்ல. அது வெடிக்காமலும் உலராமலும் இருப்பதற்கு ஒருவகை மெழுகும் வேறு மருந்துகளும் சேர்க்கப்படுகின்றன. டயர் உருண்டு நெளியும்போதுதான் அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து காப்புக் கொடுக்கின்றது. ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தக் காப்பும் கிடைப்பதில்லை. வெயிலும் வெப்பமும் காற்றும் அதை இறுக்கிவிடும். நம் நாட்டின் வெப்பத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். இறுகிய இறப்பர் காய்ந்த பாதையில் ஓரளவு சமாளிக்கும். மழையில் கைவிட்டுவிடும். பாதையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு இடம் மட்டும்தான். நான்கு உள்ளங்கையில் ஒரு குடும்பம்.

டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இதுதான்: ஐந்து வருடம் கடந்தால் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். பத்து வருடம் என்றால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றிவிட வேண்டும். ஆறு வருடத்திலேயே மாற்றும்படி சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. நான் எனக்கு ஆறு என்று வைத்துக்கொண்டேன். எங்கள் காரைப் போல் அதிகம் ஓடாத கார்களில் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகின்றது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. டிக்கியில் இருந்த ஸ்பெயார் சில்லை அந்தத் தம்பி எடுத்துப் பார்த்தார். அதில் நான்கு இலக்கம் இல்லை, மூன்று மட்டுமே இருந்தது. 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட டயர்களில் மூன்று இலக்கம்தான் போடுவார்களாம். கார் ஜப்பானில் செய்யப்பட்டபோது வைத்த அதே ஸ்பெயார் சில்லு. எனது திருமணத்துக்கும் முந்தியது. அதை நம்பித்தான் நான் ஊர் ஊராகப் போய் வந்திருக்கின்றேன்.

அடுத்தது தெரிவு. அந்தத் தம்பி எனக்கு மூன்று வகை காட்டினார். முதலாவது, பந்தய ஓட்டக்காரர் விரும்பும் மென்மையான டயர். பார்க்கவே வீரமாக இருந்தது. என்னுள் இருந்த இருபது வயதுப் பையன் அதைத்தான் தொட்டான். "நானா, இது சூடேறினாத்தான் பிடிக்கும். நீங்க மாசத்துக்கு எவ்வளவு ஓடுறீங்க, எப்படி ஓடுறீங்க என்று செல்லுங்க" என்றார். மாதம் 300 கிலோமீற்றர். ஞாயிறு காலை, சில பின்னேரங்கள், கண்டிப் பாதை. பாதி நாட்கள் மழை. "அப்ப இது உங்களுக்குரிய சாமான் இல்ல" என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டார். விலை கூடிய பொருளை வாடிக்கையாளரின் கையிலிருந்து வாங்கி ராக்கையில் திருப்பி வைக்கும் வியாபாரியை அன்றுதான் கண்டேன். இப்போது எங்கள் கடை வாகனங்கள் எல்லாம் அவரிடம்தான் போகின்றன. நேர்மைக்குக் கிடைக்கும் இலாபம் இப்படித்தான் தாமதமாக வரும்.

இரண்டாவது, பெரிய ரிம் போட்டு மெல்லிய டயர் மாட்டும் யோசனை. என் காருக்கு உரிய அளவு 185/60ஆர்14. அதாவது அகலம் 185 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 60, ரிம் 14 அங்குலம். சுவர் 111 மில்லிமீற்றர் வரும். 15 அங்குல ரிம்முக்கு 195/50 போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், மீற்றர் பிழைக்காது, காரும் அழகாகத் தெரியும். ஆனால் சுவர் 97 மில்லிமீற்றராகக் குறைந்துவிடும். குறையும் அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றர் என்பது நமது முதுகெலும்புக்கும் குழிக்கும் இடையில் இருக்கும் மெத்தை. இருபத்தைந்து வயதில் அது தேவையில்லை. இந்தக் காரில் ஏறி இறங்கும்போதே முழங்கால் முனகும் வயதில் அது தேவை. குழியில் ரிம் அடிபடும் செலவு வேறு.

மூன்றாவது, சாதாரண நல்ல டயர். பழைய குடும்பக் கார்கள் பலவற்றுக்கும் இதே அளவுதான் என்பதால் இது கிடைப்பதும் இலகு. ஐரோப்பிய லேபலில் ஈரப்பாதைப் பிடிக்கு ஏ முதல் ஈ வரை தரம் போட்டிருப்பார்கள். நான் விலைக்கு முன் அந்த எழுத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு தயாரிப்புத் திகதியைப் பார்த்தேன். கடையில் புதிது என்று விற்கும் டயரும் இரண்டு மூன்று வருடம் ஸ்டோரில் கிடந்ததாக இருக்கலாம். அதைக் கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. நான்கும் ஒரே வகையில், ஒரே வருடத்தில் செய்ததாக எடுத்தேன். கையில் காசு குறைவென்று இரண்டு மட்டும் மாற்றுபவர்கள், புதிய இரண்டையும் பின்னால் போட வேண்டும் என்பதே டயர் நிறுவனங்களின் ஆலோசனை. நம்மில் அநேகர் முன்னால் போடுகின்றோம். பின்சில்லு வழுக்கினால் என்ன நடக்கும் என்பதைக் கடுகண்ணாவையில் நான் பார்த்துவிட்டேன்.

காற்றும் முக்கியம். பாதையோரக் கடையில் "போடு தம்பி" என்றால் 35 இறாத்தல் அடித்துவிடுவார்கள். என் காரின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது 26. எடை குறைந்த காருக்குக் காற்றுக் கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டுமே பாதையைத் தொடும். ஓர் உள்ளங்கை என்றேனே, அது பாதி உள்ளங்கையாகிவிடும். அந்தத் தாளைப் படிக்க ஒரு சதமும் செலவில்லை.

நான்கு டயருக்கும் வேலைக்கூலிக்கும் ஓர் இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா ஆனது. மகன் முகம் சுளித்தான். ஆறு வருடத்துக்குப் பிரித்தேன். மாதம் 1500 ரூபா அளவில் வருகின்றது. கடையில் தேநீருக்குப் போகும் காசு இதைவிட அதிகம்.

இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். புதிய டயரோடு கடை வாசலில் காரை நிறுத்தியபோது, பதினைந்து வருடமாக எங்கள் லொறி ஓட்டும் சாரதி வந்து டயர்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "முதலாளி, உங்கட காருக்கு நாலும் புதுசு. எங்கட லொறிக்கும் அந்த நம்பர கொஞ்சம் பாருங்க" என்றார். அவர் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குக் குத்தியது.

போய்ப் பார்த்தேன். பின்சில்லுகளில் ரீபில்ட் டயர். அது வழக்கம்தான். நல்ல இடத்தில் செய்த ரீபில்ட்டைப் பின்னால் போடுவதில் தவறில்லை. ஆனால் முன் வலதுபக்கச் சில்லிலும் ரீபில்ட். இடதுபக்கத்தில் இருந்த டயருக்கு வயது ஒன்பது. லொறியைத் திருப்புவது முன்சில்லு. அது வெடித்தால் சாரதியின் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு தொன் சீமெந்தோடு அதே கடுகண்ணாவையில் அந்த மனிதரை நான் கிழமைக்கு மூன்று தடவை அனுப்பிக்கொண்டிருந்தேன். "இந்த மாதம் வியாபாரம் மந்தம், அடுத்த மாதம் பார்ப்போம்" என்று டயர் பில்லைத் தள்ளிப் போட்டவனும் நான்தான். எனது ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சிக்கு ஓர் இலட்சம் உடனே கிடைத்தது. அவரது அன்றாடத் தொழிலுக்கு அடுத்த மாதம் வரவே இல்லை.

அந்த வாரமே லொறியின் முன்சில்லு இரண்டுக்கும் புதிய டயர் போட்டோம். இப்போது கடையில் ஒரு கொப்பி இருக்கின்றது. கார், வேன், லொறி, பையன்களின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றினதும் டயர் இலக்கம், போட்ட திகதி, ஓடிய தூரம் அதில் எழுதப்படுகின்றது. சீமெந்து ஸ்டொக் கொப்பிக்குப் பக்கத்தில்தான் அது கிடக்கின்றது. மாதத்தின் முதலாவது சனிக்கிழமை காற்றுப் பார்ப்பது சாரதியின் பொறுப்பு. கொப்பியில் கையெழுத்திடுவது என் பொறுப்பு.

காரை நான் விற்கவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது ஓடுகின்றேன், கிடந்து கெடுவதைவிட ஓடித் தேய்வது டயருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. துணிக்கூரையைத் திறந்துவிட்டு அதிகாலைப் பனியில் கடுகண்ணாவை ஏறும்போது, பஞ்சிகாவத்தைக் கடையின் மூலையில் கெட்டலொக் புரட்டிய பையன் பக்கத்து ஆசனத்தில் இருப்பது போலத் தோன்றும். பெரும்பாலும் அந்த ஆசனத்தில் மனைவிதான் இருப்பார். இறக்கத்தில் அவரது கை என் கையைப் பிடிப்பதில்லை. அவருக்குப் பயம் போனது என் ஓட்டத்தால் அல்ல, அந்த டயர்களால்தான் என்று அவரே சொல்வார்.

உழைத்துத் தேடிய காசில், கடமைகள் முடிந்த பிறகு, ஒரு மனிதன் தனக்கென்று ஓர் ஆசையை வைத்திருப்பது குற்றமல்ல. அந்த ஆசையை ஊரார் பார்க்கும் பக்கத்தில் மட்டும் செலவழித்து, பாதையைத் தொடும் பக்கத்தில் மிச்சம் பிடிப்பதுதான் குற்றம். நமது சந்தோஷத்துக்குக் கொடுக்கும் அதே டயரை நமக்காக உழைப்பவரின் சில்லுக்கும் கொடுக்கின்றோமா என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இதை வாசித்து முடித்ததும் கடை வாசலுக்குப் போய் உங்கள் வாகனத்தின் முன் குனிந்து பாருங்கள் சகோதரர்களே. நான்கு இலக்கம்தான். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். டயர் தன் வயதை ஒளிப்பதில்லை, நாம்தான் குனிந்து பார்ப்பதில்லை.